துடைத்த பிறகும் நாறுகிற வீடுகள்: பூனை, நாய் மூத்திரம் பற்றிப் பார்த்ததை எழுதுங்கள்

மாடிப்பூனை:
அந்தச் சுவர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வாடகை வீடு. தரை முழுக்க மூன்று தரம் பினாயில் போட்டுத் துடைத்தாயிற்று, ஐப்பசி மழை தொடங்கியதும் வாடை திரும்பிவிட்டது. ராத்திரி விளக்கை அணைத்து யூவி டார்ச் (மூத்திரக் கறையை மின்ன வைக்கும் புற ஊதா விளக்கு) அடித்தால் தரையில் ஒன்றுமே இல்லை. சுவரில், ஒரு சாண் உயரத்தில், விசிறி மாதிரி ஒரு தெறிப்பு. அதிலிருந்து நாலு கோடு மஞ்சளாக மின்னிக்கொண்டே இறங்கி சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் கல்லுக்குப் பின்னால் போய் மறைகிறது. கருத்தடை செய்யாத கடுவன் பூனை வால் நடுங்க நின்று பீய்ச்சினால் இப்படித்தான் விழும், துடைப்பம் படாத இடத்தில். இடுக்கிலிருந்த ஒயிட் சிமெண்டைச் சுரண்டி எடுத்து, 10 மில்லி சிரிஞ்சால் என்சைம் கிளீனரை (மூத்திரத்தைச் சிதைக்கும் திரவம்) நிரம்பும்வரை விட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி ராத்திரி முழுக்க ஈரமாக வைத்த பிறகுதான் அடங்கியது. காய்ந்தால் என்சைம் வேலை நின்றுவிடும். பினாயில் போட்ட இடத்தை முதலில் வெறும் தண்ணீரால் கழுவுங்கள், அதன் மிச்சம் என்சைமைக் கெடுக்கும்.

நூல்கண்டு:
மெத்தையில் இன்னும் மோசம். மேலே உள்ளங்கை அளவு கறை. உறையைப் பிரித்தால் அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஊறிக் கிடந்தது. மேலாக ஸ்ப்ரே அடித்ததெல்லாம் அந்தத் தட்டைத் தொடவே இல்லை. மூத்திரம் போன ஆழத்துக்கு என்சைமும் போயாக வேண்டும். ஃபோம் மெத்தை என்றால் ஊற்றி, 15 நிமிடம் விட்டு, பழைய துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். இலவம்பஞ்சை நனைக்கவே கூடாது, உள்ளே காயாமல் பூஞ்சை பிடிக்கும். தையலைப் பிரித்து அந்தப் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு அடைத்துத் தைப்பதுதான் வழி.

தெருமுனை:
இவ்வளவு செலவு எதற்கு? வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. குட்டி நாய் இருந்த ஒரு வீட்டில், விட்ரிஃபைட் டைல்ஸில், அதுவே போதுமாக இருந்தது.

கல்லுவேலை:
விட்ரிஃபைட் என்றதால் தப்பித்தது, தம்பி. மொசைக் தரையில் இதையே ஊற்றிய வீட்டைப் பார்த்தேன். பாலிஷ் போய், ஊற்றின வடிவத்திலேயே ஒரு வெளிறிய திட்டு, தரையை அரைத்துப் பாலிஷ் போட்டால்தான் போகும். மார்பிள், மொசைக், ஆத்தங்குடி டைல்ஸ் மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, புளிப்பு பட்டால் அரிக்கும். அதைவிட ஆபத்து பிளீச்சிங் பவுடர். மூத்திரத்தில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு கிளம்பும், பூட்டிய பாத்ரூமில் நெஞ்சை அடைக்கும். பினாயிலும் பூனை வீட்டுக்கு ஆகாது. பீனால் வகைகளைப் பூனையின் ஈரலால் சரியாகக் கழிக்க முடியாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும்.

என்சைம் கிடைக்காத ஊரில் இதைச் செய்யலாம். மருந்துக்கடையில் 20 வால்யூம் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று தருவது 6 சதவீதம். சம அளவு தண்ணீர் ஊற்றினால் 3 சதவீதம் ஆகிவிடும். அதில் 250 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, பாத்திரம் தேய்க்கும் திரவம் ரெண்டு மூன்று சொட்டு. கலந்த உடனே ஊற்றிவிட வேண்டும். மூடி போட்டு வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். கலர் துணியை வெளுத்துவிடும், ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். என்சைம் போட்ட இடத்தில் இதைச் சேர்த்து ஊற்றாதீர்கள், ரெண்டுமே வீண்.

செவ்வாய்க்கிழமை:
எல்லோரும் கறையையே பேசுகிறீர்கள். ஒரு வீட்டில் கடுவன் பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டையின் கம்பி மூடி மேல் போய்ப் போய் உட்கார்ந்தது. வீட்டுக்காரர்கள் விளக்குமாற்றால் விரட்டினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தக் கம்பியில் ஒரே ஒரு சொட்டு, இளஞ்சிவப்பாக. பூனை முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. மூத்திரக்குழாய் அடைப்பு அது. ஆண் பூனைக்கு இதில் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். பழகிய பூனை திடீரென்று இடம் மாற்றினால் துடைக்கும் முன் இதைப் பாருங்கள், தயவுசெய்து.

வெளிநடை:
அக்கா சொன்னது நாய்க்கும் பொருந்தும். ரெண்டு வருடம் ஒழுங்காக வெளியே போன நாய், தீபாவளி ராத்திரி சோபாவுக்கு அடியில் மூத்திரம் போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று நாளும் அதே இடம். காரணம் வெடிச்சத்தம். மறுபடி அங்கேயே போனதற்குக் காரணம் மிச்சமிருந்த வாடை. தீபாவளி வாரத்தில் பொழுது சாயும் முன்னே நாயை வெளியே நடத்திக் கூட்டி வந்துவிடுங்கள், கயிறு கட்டாமல் வேண்டாம். வீட்டுக்குள் மூத்திரத்தில் நனைந்த செய்தித்தாளில் ஒரு துண்டை வெளியே போகும் இடத்தில் போட்டால் அதுவே இடம் காட்டும். குட்டி என்றால் தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடிந்ததும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூன்று மாதக் குட்டி பகலில் நாலு மணி நேரம் அடக்குவதே அதிகம். மூக்கைத் தேய்த்துத் திட்டினால் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும். கருத்தடை செய்த பெண் நாய் தூங்கும்போது படுக்கை நனைந்தால் அது பழக்கக் கோளாறு இல்லை, பெரும்பாலும் தசை தளர்வு. மருந்து உண்டு.

மாடிப்பூனை:
இன்னொன்று. லிட்டர் பெட்டி (பூனை மூத்திரம் போக வைக்கும் மண் பெட்டி) வாஷிங் மிஷின் பக்கத்தில். பூனை மண்ணைத் தோண்டிக் குந்திய நேரத்தில் ஸ்பின் ஓடியது, மண் தெறிக்க ஒரே பாய்ச்சல். அன்றிலிருந்து அழுக்குத்துணிக் கூடைதான் அதற்குப் பெட்டி. மூடியில்லாத புதுப் பெட்டி, 5 சென்டிமீட்டர் மண், சத்தமில்லாத படுக்கையறை மூலை. நாலாம் நாள் கூடை காய்ந்தே இருந்தது.