மிளகாய் நாற்றில் குருத்து வெளுத்து மேல்நோக்கிச் சுருளுது: என்ன கொடுக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் மேட்டுப்பாத்தி; செம்மண், கண்மாய் வண்டல், மக்கின சாண எரு சம அளவு. குண்டு மிளகாய் நாற்று, வயசு 25 நாள்.

அடியிலை நல்ல பச்சை. குருத்திலைதான் வெளுக்குது: நரம்பு மட்டும் பச்சை, நடுவுல எலுமிச்சை மஞ்சள். தழைச்சத்துக் குறைன்னா அடியிலைதான் முதல்ல பழுக்கும், அதனால யூரியா போடச் சொல்லாதீங்க. போர் தண்ணி பிஎச் (கார அமில அளவு) 8.2, அதாவது காரத்தன்மை; அதனாலதான் மண்ணுல இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியலைன்னு நினைக்கிறேன். பிடுங்கிப் பார்த்தாச்சு, வேர் வெள்ளையாத்தான் இருக்கு, அழுகல் இல்லை.

இலை விளிம்பு படகு மாதிரி மேல்நோக்கி மடியுது. வெள்ளைத்தாள்ல குருத்தைத் தட்டினா வைக்கோல் நிறத்துல, ஊசிமுனை அளவுப் பூச்சி ஓடுது. இலைப்பேன்தானே? சிலந்திப்பேன்னா (மைட்) இலை கீழ்நோக்கித்தானே சுருளும்!

லிட்டருக்கு 5 கிராம் பெர்ரஸ் சல்பேட் (இரும்புச் சத்து உப்பு), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்னு இருக்கேன். இந்த வயசு நாற்றுக்கு அது கருக்குமா, பாதி அளவு போதுமா? வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலோட அடிக்க எத்தனை நாள் இடைவெளி விடணும்? சுருண்ட நாற்றை நடவுக்கு எடுக்கலாமா, கழிச்சுடணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.