யோவான் 2:10: தமிழில் 'திருப்தி', மலையாளத்தில் 'லஹரி'. உதவி தேவை
களியக்காவிளைப் பக்கம் ஒரு வேதபாட வகுப்பு. பாதிப்பேர் கையில் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதல், மீதிப்பேர் கையில் மலையாள வேதாகமமான சத்தியவேதபுஸ்தகம். 'குடிக்கலாமா' என்ற பாடம் மூன்று வாரமாக யோவான் 2:10-இலேயே நிற்கிறது. தமிழில் "திருப்தியடைந்தபின்பு", மலையாளத்தில் "லஹரி பிடிச்சசேஷம்" (போதை ஏறியபின்பு). இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர்க் கலியாணத்தில் வெறும் பழச்சாறுதான் என்பது தமிழ்ப் பக்கத்து வாதம்.

பார்த்தாயிற்று: கிரேக்கத்தில் கானாவுக்கும் எபேசியர் 5:18-க்கும் ஒரே சொல், ஓய்னோஸ். தமிழ்தான் திராட்சரசம், மதுபானம் என்று பிரிக்கிறது; மலையாளத்தில் இரண்டும் வீஞ்ஞு. ஆதியாகமம் 9:21-இல் நோவாவுக்கு வெறியேற்றியதும் திராட்சரசமே (இதைச் சொன்னால் வகுப்பு அமைதியாகும், ஒத்துக்கொள்ளாது). யோவான் 2:10-இல் பொது மொழிபெயர்ப்பிலும் (திருவிவிலியம்) வெறி என்ற சொல் இல்லை. வெறிகொள்ளக் கூடாது என்பதில் யாருக்கும் சண்டையில்லை.

2:10-இல் வரும் 'மெதுஸ்கோ' என்ற கிரேக்க வினையை வெறி என்றே பெயர்த்த தமிழ் வேதாகமம் எது?