மலைமேல் சிஎன்சி மெஷின்: கோவை அட்டவணை இங்கே போதுமா?

கோத்தகிரி பட்டறை:
வணக்கம். தேயிலை ஃபேக்டரிகளுக்கு சிடிசி ரோலர் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் உருளை), ஷாஃப்ட், புஷ் வேலை செய்து தருகிற சின்னப் பட்டறை எங்களுடையது. கோவையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிஎன்சி டர்னிங் சென்டரை, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷினை, வாங்கி மேலே கொண்டுவந்தோம். பராமரிப்பு அட்டவணையையும் அவர்களே கொடுத்தார்கள், அதன்படிதான் செய்கிறோம். ஆனாலும் மழை தொடங்கியதிலிருந்து காலையில் ஆன் செய்தால் டிரைவ் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டி) அலாரம் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து ரீசெட் செய்தால் ஓடுகிறது. ஜாபைப் பிடிக்கும் சக்கில் துரு பூக்கிறது, வெட்டும்போது குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் நாறுகிறது. என்ன மாற்ற வேண்டும்?

குன்னூர் மில்லிங்:
தம்பி, அந்தக் காலை அலாரத்தை ரீசெட் செய்து ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். ராத்திரி குளிர்ந்துபோன பேனலுக்குள் ஈரக்காற்று புகுந்து டிரைவ் கார்டின் மேல் நீர் கோத்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஈரத்தோடு கரன்ட் ஏறினால் ஒருநாள் கார்டே போய்விடும். பேனல் கதவின் ரப்பர் பீடிங்கையும், கேபிள் நுழையும் ஓட்டைகளையும் பாருங்கள். ஒரு விரல் இடைவெளி போதும், பனி உள்ளே வந்துவிடும். உள்ளே தெர்மோஸ்டாட் வைத்த சின்ன பேனல் ஹீட்டர் ஒன்று போடுங்கள். மெஷினை நிறுத்திய பிறகும் அது ஓட வேண்டும், அதனால் தனி லைனில் கொடுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். மெயினை நிறுத்தினாலும் டிரைவுக்குள் சார்ஜ் சிறிது நேரம் நிற்கும்.

சூடாகிறது என்று பேனல் கதவைத் திறந்துவைத்து ஓட்டுவதை இங்கே பல பட்டறைகளில் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. சூட்டுக்குக் காரணம் வேறு. மோட்டார், டிரைவ் எல்லாம் பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் வரைக்கும்தான் முழுத் திறனுக்குக் கணக்கிட்டிருப்பார்கள். நாம் ஆறாயிரம் அடியில் இருக்கிறோம். காற்று மெலிந்திருப்பதால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் கீழே குளிர்கிற அளவுக்குக் குளிராது. ஆகவே பேனல் ஃபேன் ஃபில்டர் அடைத்தால் கோவையைவிட இங்கே ஆபத்து அதிகம். அட்டவணையில் என்ன போட்டிருந்தாலும் ஃபில்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் கூலன்ட். ரோலர் வேலை என்கிறீர்கள். ஃபேக்டரியிலிருந்து வரும் ரோலரின் பல்லிடுக்கில் தேயிலைச் சாறு பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். அதை அப்படியே மெஷினில் ஏற்றினால் கறையெல்லாம் டேங்குக்குள் போய்க் கிருமிக்குத் தீனியாகும். வெளியே வைத்துக் கழுவி, காயவைத்து, பிறகு ஏற்றுங்கள். டேங்கின் மேல் மிதக்கும் ஸ்லைடு எண்ணெயையும் (மெஷின் நகரும் தடங்களுக்குப் போடும் எண்ணெய்) தினமும் வழித்தெடுங்கள். அது மூடிக்கிடந்தால் கீழே காற்றுப் படாது, லீவு முடிந்து வருகிற காலையில் வரும் நாற்றம் அதனால்தான். கூலன்ட் செறிவை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒரு சொட்டு வைத்துச் செறிவு பார்க்கும் கருவி) பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ரோலருக்கு நாங்கள் 7, 8 சதவீதம் வைக்கிறோம். நீர்த்துப்போன கூலன்ட்தான் துருவுக்கும் வழி. பிப்ரவரி, மார்ச் வெயிலில் தண்ணீர் ஆவியாகிச் செறிவு ஏறும், அப்போது வெறும் தண்ணீர் ஊற்றாமல் மெலிதாகக் கலந்து ஊற்றுங்கள்.

ஸ்லைடுக்கு எண்ணெய் தள்ளும் லூப்ரிகேஷன் டேங்கில் எண்ணெய் குறையவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பம்ப் தள்ளவில்லை, அல்லது லைன் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஷிஃப்ட் முடியும்போது மட்டத்தைப் பேனாவால் கோடிட்டு வைத்தால் மறுநாள் தெரிந்துவிடும். சிப்ஸைக் காற்றடித்துத் தள்ளவும் வேண்டாம், ஸ்லைடைத் துடைக்கும் வைப்பருக்கு அடியில் போய் ஸ்லைடைக் கீறும். பிரஷ்தான்.

ஊட்டி ஆபரேட்டர்:
அண்ணன் சொன்னதோடு கம்ப்ரஸரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காற்றோடு தண்ணீரும் வரும், டேங்கையும் ஏர் ஃபில்டர் கிண்ணத்தையும் தினமும் வடித்துவிட வேண்டும். சக்குக்கு தினமும் கிரீஸ் வைக்கிறேன். சக்கின் ஜா (பிடிக்கும் தாடை) தளர்ந்தால் அந்தக் கனத்த ரோலர் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள், அதில் சோம்பல் கூடாது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் குறைந்த வேகத்தில் தொடங்கி கால் மணி நேரமாவது ஏற்றிக்கொண்டு போகிறேன். எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது நேராக முழு வேகம் கொடுத்தால் பேரிங்குக்கு நல்லதல்ல, முதல் ஜாபில் அளவும் நிற்காது.

மேட்டுப்பாளையம் சர்வீஸ்:
பழைய மெஷின் என்பதால் இரண்டு விஷயம். கன்ட்ரோலரின் பாராமீட்டர், புரோகிராம் எல்லாவற்றையும் உடனே மெமரி கார்டில் எடுத்து, ஒரு நகலைப் பட்டறைக்கு வெளியே வையுங்கள். பேட்டரியை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், தெரியாது என்றால் இப்போதே மாற்றுங்கள். அச்சு எங்கே நிற்கிறது என்று காட்டும் என்கோடரின் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போது, எமர்ஜென்சியை அழுத்திவிட்டு மாற்ற வேண்டும். நிறுத்திவிட்டுக் கழற்றினால் ஹோம் பொசிஷன் (மெஷின் கணக்குத் தொடங்கும் இடம்) போய்விடும். லாரியில் மலை ஏறி வந்த மெஷின், லெவலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோத்தகிரி பட்டறை:
மூன்று பேருக்கும் நன்றி. பீடிங் ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். இடி மின்னல் நேரத்தில் மெயினை இறக்கிவிடுவோம். அப்போது ஹீட்டரும் நின்றுவிடுமே, என்ன செய்வது?

குன்னூர் மில்லிங்:
இறக்குங்கள், அதில் மாற்றமில்லை. மறுபடி கரன்ட் கொடுக்கும்போது முதலில் ஹீட்டர் லைனை மட்டும் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், பேனல் உள்ளே காய்ந்த பிறகு மெஷினை ஆன் செய்யுங்கள். எர்த் குழியையும் மழைக்கு முன்னால் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.