எட்டாம் நம்பர் ஊசியில் போட்ட தொப்பி சின்னதாக வருகிறது, உல்லன் கடையில் என்ன கேட்டு வாங்குவது?

வில்லியனூர் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை, அதற்குள் குளிர் வந்துவிட்டது. மகனின் பள்ளியில் தொப்பி, கையுறை, கழுத்துக்கு ஒன்று என்று தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றிலும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு நிட்டிங் தெரியும், அம்மா சொல்லிக் கொடுத்தது, ஊசியும் ஊரிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு உல்லன் கடை இருக்கிறது, போனேன். ஒரு சிட்டம், அதாவது முறுக்கிக் கட்டிய நூல் கட்டு, வாங்கிய காசுக்கு நம் நேரு வீதியில் நல்ல சுடிதார் துணி எடுத்துவிடலாம். கடைக்காரம்மா மடமடவென்று ஏதேதோ கேட்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். அவர்கள் கொடுத்த பேட்டர்ன் தாளில் எட்டாம் நம்பர் ஊசி, 88 ஸ்டிட்ச் (கண்ணி) என்று இருக்கிறது. என்னிடம் இருப்பதும் எட்டாம் நம்பர்தான். தாளில் உள்ளபடியே போட்டேன், பாதி வந்ததும் பையன் தலையில் வைத்தால் ஏறவே மாட்டேன் என்கிறது. நூல் மட்டமா? கடையில் ஏமாற்றிவிட்டார்களா? இன்னொரு சிட்டம் வாங்க வீட்டுக்காரரிடம் கேட்கவே பயமாக இருக்கிறது. எந்தக் கடை நல்ல கடை, என்ன நூல் வாங்க வேண்டும், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், ப்ளீஸ்.

திருப்பாதிரிப்புலியூரான்:
தங்கச்சி, தொப்பி இருக்கட்டும், பையனுக்கு ஜாக்கெட்டும் பனிக்கால ஷூவும் வாங்கியாச்சா? அதைச் சொல்லுங்கள் முதலில். நான் கனடாவில் எட்மன்டன் வந்தது 2011 கடைசியில். அந்த டிசம்பர் 30 அன்றுதான் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது, வீட்டில் கரண்டு இல்லை, போன் போகவில்லை, அம்மா எப்படி இருக்கிறார் என்று தெரியாமல் நான் இங்கே லாரன்ஸ் ரோட்டில் வாங்கிய பருத்தி சாக்ஸைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஈரமாக நிற்கும், அந்த ஈரம்தான் காலைச் சில்லிட வைக்கும், எனக்கு அன்று அதைச் சொல்ல ஆள் இல்லை. உடம்பை ஒட்டித் தெர்மல், அதன்மேல் கம்பளியோ ஃபிளீஸோ, அதற்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். பின்னுவதெல்லாம் அப்புறம்.

லாசுப்பேட்டை, இப்போது பாரீஸ் பக்கம்:
புதுச்சேரிப் பெண் என்பதால் பிரான்ஸ்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரிய கடைக்கெல்லாம் போக வேண்டாம், தெருவில் மெர்செரி என்று ஒரு கடை இருக்கும், பொத்தான், ஜிப், நூல், ஊசி எல்லாம் அங்கேதான். உள்ளே நுழைந்ததும் பொன்ஷூர் சொல்லாமல் நூலைத் தொட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், சொல்லிவிட்டால் அவர்களே எடுத்துப் போடுவார்கள். ஃபில்தார், பெர்ஜேர் து ஃப்ரான்ஸ் இரண்டும் பழைய நூல் கம்பெனிகள், நம்பி வாங்கலாம். காசு கம்மியாக வேண்டுமென்றால் நார்வேக்காரர்களின் டிராப்ஸ் நூல். அவசரம் இல்லாவிட்டால் ஜனவரியில் சோல்டு தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். சின்னக் கடைகள் பல திங்கட்கிழமை பூட்டியிருக்கும், மத்தியானமும் மூடிவிடுவார்கள்.

ஓ.டி. அக்கா:
பிரான்ஸ் என்று அந்தப் பெண் எங்கே சொன்னாள்? நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், என் அனுபவத்தைச் சொல்கிறேன். அந்த அழகு அழகான சின்னக் கடைகளுக்குள் போகவே போகாதே அம்மா. நான் முதன்முதலில் போனபோது அரை மணி நேரம் நின்றும் ஒருத்தரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் ஒரு நூலைக் கையில் எடுத்ததும் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்கள். மைக்கேல்ஸ், வால்மார்ட் போ, அக்ரிலிக் என்கிற செயற்கை நூலைப் பெரிய உருண்டையாக வாங்கு, மெஷினில் போட்டுத் துவைக்கலாம், பிள்ளை தொலைத்துவிட்டு வந்தாலும் வயிறு எரியாது. பிள்ளைகள் தொலைக்கத்தான் செய்யும். முன்பு ஜோஆன் என்று ஒரு கடை இருந்தது, கூப்பன் வைத்து வாங்கினால் பாதி விலை, அதையும் 2025இல் மொத்தமாக மூடிவிட்டார்கள்.

காலாப்பட்டு, எடின்பரோ:
அக்ரிலிக் வேண்டாம் என்பேன். நனைந்தால் கம்பளி கொஞ்சமாவது சூடு காக்கும், அக்ரிலிக்கில் அந்தக் குணம் கிடையாது. துவைக்கத்தான் பயமென்றால் லேபிளில் சூப்பர்வாஷ் என்று பார்த்து வாங்கினால் போதும், மெஷினில் போடலாம். அந்த வார்த்தை இல்லாத கம்பளியை வெந்நீரில் சுழற்றினால் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் இருக்கட்டும், 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி எத்தனை ஸ்டிட்ச் வருகிறது என்று பார்க்காமல் ஏன் ஆரம்பித்தீர்கள்?

ஓ.டி. அக்கா:
திங்கட்கிழமை கெடு வைத்திருப்பவளிடம் சதுரம் பின்னச் சொல்லும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

நெல்லித்தோப்பு:
நான் ஊரிலேயேதான் இருக்கிறேன், பெண்ணும் மருமகனும் வெளியே. வர்த்தமான், ஆஸ்வால் என்று லூதியானா உல்லன் இங்கே கிடைக்கிறது, வேண்டுமானால் அனுப்பச் சொல்லலாம், ஆனால் போன வருடம் பெண்ணுக்கு அனுப்பினேன், கூரியர்காரன் கேட்ட காசு உல்லனின் விலையைத் தாண்டிவிட்டது. போய்ச் சேர்ந்த பிறகு வரி வேறு கட்டச் சொன்னார்களாம். இந்த ஊரில் கைவேலை என்றால் எம்பிராய்டரிதான், ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியர் மையத்தில் பெண்கள் போடும் பூவேலையை வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். நிட்டிங் தெரிந்தவர்கள் நம் தெருவில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்? வில்லியனூர் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிய அந்த அம்மாவுக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரான்:
மார்கழியில் குரங்குக் குல்லாவோடு சில்வர் பீச்சில் நடக்கிற பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது என் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்தப் பள்ளிகள் அனுப்பும் தாளுக்கும் ஒரு அளவில்லை, கையுறையே உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று, மாற்றுக்கு ஒன்று.

லாசுப்பேட்டை, இப்போது பாரீஸ் பக்கம்:
இங்கே தாள் வராது, நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாவிட்டால் டீச்சர் நம்மைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் மருமகள்:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள், அந்தப் பெண் திங்கட்கிழமைக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி, எந்த ஊர் என்றே நீ சொல்லவில்லை. ஊசியில் எட்டு என்று மட்டும் இருக்கிறதா, பக்கத்தில் எம்எம் கணக்கு ஏதாவது இருக்கிறதா? நூல் லேபிளில் எத்தனை மீட்டர், எத்தனை எம்எம் ஊசி என்று போட்டிருக்கும், அப்படியே பார்த்து எழுது. பையனுக்கு என்ன வயது?

வில்லியனூர் பெண்:
மன்னிக்கணும் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. ஹாலிஃபாக்ஸ், கனடா. பையனுக்கு ஆறு வயது, தலைச் சுற்றளவு 52 செ.மீ. அம்மாவின் பழைய போனி ஊசி, தலையில் 8 மட்டும்தான் இருக்கிறது. நூல் லேபிளில் 100 கிராம், 225 மீட்டர், 4 எம்எம், 10 செ.மீ.க்கு 22 ஸ்டிட்ச், சூப்பர்வாஷ். தாளில் 10 செ.மீ.க்கு 18 ஸ்டிட்ச் என்று இருக்கிறது. அதைக் கவனிக்கவில்லை.

மஞ்சக்குப்பம் மருமகள்:
சரி, நூலும் நல்ல நூல், கடையிலும் ஏமாற்றவில்லை. போனி ஊசி நம் நீலகிரிச் சரக்கு, கேத்தியில் செய்வது, அதன் பழைய நம்பரெல்லாம் இங்கிலாந்துக் கணக்கு. அந்தக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு அதற்கு நேர் எதிர், நம்பர் ஏற ஏறத் தடிக்கும். உன் அம்மாவின் எட்டு 4 எம்எம். தாளில் இருக்கும் எட்டு அமெரிக்க எட்டு, 5 எம்எம். இனி நம்பரையே பார்க்காதே, எம்எம் மட்டும் பார். ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு விற்பார்கள், பழைய ஊசிகளை அதில் விட்டுப் பார்த்து அளவைக் குறித்துவை.

நூலும் அந்தத் தாளுக்கானது இல்லை. தாள் கேட்பது வொர்ஸ்டட் என்கிற தடிமன், உன் கையில் இருப்பது டிகே, ஒரு படி மெலிசு. கடைக்காரம்மா கேட்ட கேள்விகளில் ஒன்று இதுவாகத்தான் இருந்திருக்கும். 10 செ.மீ.க்கு 18 என்றால் 88 ஸ்டிட்ச் கிட்டத்தட்ட 49 செ.மீ. வரும், தொப்பி தலையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும், அதனால் 52 தலைக்கு அது சரி. உன் ஊசியிலும் நூலிலும் அதே 88 வெறும் 40 செ.மீ., கைக்குழந்தைக்குத்தான் ஆகும். அதனால் இன்னொரு சிட்டம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, போட்டதை உருவிவிட்டு அதே நூலில் 49 செ.மீ. வருகிற மாதிரி 108 போடு. உன்னிடம் இருப்பது நேர் ஊசி என்றால் ஓரம் சேர்த்துத் தைக்க இரண்டு கூட்டி 110. தாளில் வரிசைக் கணக்கு இருந்தால் அதை விட்டுவிட்டு ஸ்கேல் வைத்து உயரத்தை அளந்துகொண்டே போ. தொப்பிக்கு அந்த ஒரு சிட்டம் தாராளம், மிஞ்சும்.

கழுத்துக்கு ஸ்கார்ஃப் பின்னாதே. விளையாடும் இடத்தில் எதிலாவது மாட்டி இழுத்துவிடும் என்று கனடாவில் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பார்கள், கழுத்தோடு நிற்கும் குழாய் மாதிரி ஒன்று போதும். அதற்கு நூல் வாங்கும்போது லேபிளில் டை லாட் நம்பர் பார், ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குப் போடும் நம்பர் அது, அதே நம்பர் இருந்தால்தான் நிறம் தொப்பியோடு ஒத்துப் போகும்.

காலாப்பட்டு, எடின்பரோ:
இதைத்தான் நான் சதுரம் பின்னுங்கள் என்று ஒரு வரியில் சொன்னேன்.

மஞ்சக்குப்பம் மருமகள்:
ஒரு வரியில் சொன்னதுதான் தப்பு தம்பி. அடுத்த முறை கடைக்குப் போகும்போது தங்கச்சி, முதலில் என்ன பின்னப் போகிறாய், யாருக்கு, மெஷினில் துவைப்பாயா கையிலா, எத்தனை மீட்டர் வேண்டும், இதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அப்படியே நீட்டு, பேச்சு புரியாவிட்டாலும் அவர்களுக்குப் புரிந்துவிடும். பின்னத் தொடங்கிய தொப்பியையும் எடுத்துப் போ. கல்லாப் பக்கத்தில் தள்ளுபடிக் கூடை இருந்தால் கிளறிப் பார்க்கக் கூச்சப்படாதே, ஒற்றைச் சிட்டம் எல்லாம் அதில்தான் போட்டிருப்பார்கள், பிள்ளைத் தொப்பிக்கு ஒன்று போதும்தானே. ராவல்ரி என்று ஒரு தளம் இருக்கிறது, கையில் இருக்கும் நூலின் தடிமனும் மீட்டரும் கொடுத்துத் தேடினால் இலவசப் பேட்டர்ன்களே நிறைய வரும், நூலை வாங்கிவிட்டு பேட்டர்ன் தேடுவதைவிட முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போ.

உன் பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் பிரிக்ஸ் அண்ட் லிட்டில் என்று 1857இலிருந்து ஓடும் கம்பளி மில் இருக்கிறது, விலை அவ்வளவு இராது, உறுதியான நூல். ஆனால் கொஞ்சம் சொரசொரப்பு, சூப்பர்வாஷ் இல்லை, கையுறைக்கு ஓகே, பிள்ளை நெற்றிக்கு வேண்டாம். உங்கள் கடலோரத்தில் திரம் மிட்டன் என்று ஒன்று போடுவார்கள், நூற்காத கம்பளியைச் சின்னச் சின்னக் கொத்தாக உள்பக்கம் வைத்துப் பின்னுவது, கை நெருப்பாக இருக்கும். அதை இந்த வாரம் தொடாதே. திங்கட்கிழமைக்கு ஏதாவது ஒரு சாதாரண ஃபிளீஸ் தொப்பியும் நீர் புகாத கையுறையும் வாங்கிப் பெயர் எழுதிக் கொடுத்துவிடு, பின்னுவது பின்னால் நடக்கட்டும்.

வில்லியனூர் பெண்:
அக்கா, இப்போதுதான் மூச்சு வருகிறது. வீட்டுக்காரரிடம் இன்னொரு சிட்டம் கேட்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. கழுத்துக்கு ஒன்று அதே நிறத்தில் அப்போதே சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன், டை லாட் நம்பரும் ஒன்றுதான். அது இன்னும் முறுக்கின சிட்டமாகவே இருக்கிறது, முதல் சிட்டத்தைப் பிரிக்கும்போது பெரிய சிக்காகிவிட்டது. இதற்கும் ஏதாவது வழி இருக்கிறதா?

மஞ்சக்குப்பம் மருமகள்:
சிட்டமாக விற்கிற கடைகளில் உருண்டையாகச் சுற்றித் தருவார்கள், குடை மாதிரி விரியும் ஒரு சாமான் வைத்திருப்பார்கள், அங்கேயே வாங்கியது என்றால் பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள். சுற்றிய பிறகு திருப்பி எடுக்கமாட்டார்கள், அதனால் நிறம் நிச்சயமானதும் சுற்றக் கொடு. வீட்டில் செய்வதென்றால் முறுக்கைப் பிரித்து நாற்காலி முதுகில் மாட்டி, கட்டியிருக்கும் சின்னக் கயிறுகளை அதற்கப்புறம்தான் வெட்ட வேண்டும், முதலில் வெட்டினால்தான் சிக்கு. இறுக்கிச் சுற்றாதே, நூல் இழுபட்டு நிற்கும்.

ஓ.டி. அக்கா:
நாற்காலிக்குப் பதில் புருஷன் கையை நீட்டச் சொல், சிட்டத்தின் விலையும் அப்போதே சொல்லிவிடலாம், கை கட்டியிருக்கும்.