எடிட் என்பதற்குத் ‘திருத்து’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களே,

ஏஜென்ட், அதாவது சொன்ன வேலைக்கு வேண்டிய கருவிகளைத் தானே தேர்ந்தெடுத்து இயக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல், அதைத் தமிழில் முகவர் என்பதா ஏவலர் என்பதா என்று நமக்குள் நடக்கும் வழக்கு ஒரு பக்கம் ஓடட்டும். இந்த மடலில் ஏஜென்ட் என்றே எழுதிவிடுகிறேன். என் சிக்கல் அதைவிடச் சின்னது. ஆவணத்தில் கேட்ட இடத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும் கருவி ஒன்றுக்குத் தமிழில் விவரிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த வேலைக்கு இந்தக் கருவியை எடுப்பது என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கப்போவது ஏஜென்ட். அதில் எடிட் என்பதற்கு என்ன சொல் போடுவது?

எல்லோரும் யோசிக்காமல் போடுவதைத்தான் நானும் முதலில் போட்டேன்: ‘ஆவணத்தைத் திருத்தும் கருவி’. சோதனைக்கு ஓர் ஒப்பந்த வரைவைக் கொடுத்து, மூன்றாம் பத்தியில் ‘30 நாட்களுக்குள்’ என்பதை ‘45 நாட்களுக்குள்’ ஆக்கச் சொன்னேன். ஆக்கியது. கூடவே ‘நாட்களை’ எல்லாம் ‘நாள்கள்’ ஆக்கி, ஐந்தாம் பத்தியில் இரண்டு சந்திப்பிழைகளையும் களைந்துவிட்டு, “திருத்திவிட்டேன்” என்றது. அதைக் குறைசொல்லி என்ன பயன்? விடைத்தாள் திருத்துகிறோம், மெய்ப்புத் திருத்துகிறோம், அடங்காத பிள்ளையைக்கூடத் திருத்துகிறோம். திருத்து என்றாலே எங்கோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம். அது தேடிப் போய்த் தப்பைக் கண்டுபிடித்தது.

சரி, தமிழ் விக்கிப்பீடியா வழியில் ‘தொகு’ என்று மாற்றிப் பார்த்தேன். அந்தப் பொத்தானைப் பார்த்துப் பழகிய நமக்கு அது உறுத்தாது. சொடுக்கினால் பெட்டி திறக்கிறது, விஷயம் புரிந்துவிடுகிறது. ஏஜென்டுக்கு அப்படித் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி குறைவு. ஏஜென்டுகளையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறையாக 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலை எடுத்துக்கொண்டால், கருவியைப் பற்றி அதற்கு முக்கியமாகப் போய்ச் சேருவது பெயர், விவரிப்பு, உள்ளீட்டின் அமைப்பு, இவ்வளவுதான். என் கருவியின் பெயரை ரோமன் எழுத்தில்தான் வைத்திருக்கிறேன். ஆகவே தமிழில் அது பிடித்துக்கொள்ள விவரிப்பு ஒன்றே கொம்பு. “இந்த மூன்று அறிக்கைகளையும் தொகுத்துத் தா” என்றேன். பக்கத்திலேயே சுருக்கம் எழுதும் கருவி இருக்க, நேராக என்னுடையதை எடுத்தது.

மற்றவை சீக்கிரமே கழிந்தன. ‘பதிப்பி’ வெளியீட்டில் போய் முடியும். வெறும் ‘மாற்று’ என்றால் பிடிஎஃப்பாக மாற்றுவதும் மாற்றுதான். ‘பதிலிடு’ மறுமொழி எழுதப் போய்விடும். கிழிந்த இடத்தில் மட்டும் துணி வைத்துத் தைக்கிற ‘ஒட்டு’ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் வெட்டு, ஒட்டு என்று அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. முந்தைய மடலில் ஒருவர் முன்வைத்த ‘பாடமாற்று’ அழகான சொல். சுவடி ஒப்பிட்டவர்களின் பாடபேதம், அதாவது ஒரே நூலின் சுவடிகளுக்குள் சொல் வேறுபடுவது, தெரிந்தவருக்குச் சட்டென்று விளங்கும். மற்றவர்களுக்கு அது பள்ளிக்கூடத்துப் பாடம். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

என் பரிந்துரை: பகுதிமாற்று, பெயராக வரும்போது பகுதிமாற்றம். முழுதையும் தொடாது என்பது சொல்லிலேயே இருக்கிறது. பகுதி, விகுதி என்று இலக்கணக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உள்ளீடுகள் இரண்டுக்கும் ‘உள்ளது’, ‘வேண்டியது’ என்று வைத்தேன். விவரிப்பு இப்போது இப்படி நிற்கிறது:

“ஆவணத்தில் ஒரே ஓர் இடத்தில் பகுதிமாற்றம் செய்யும். ‘உள்ளது’: இப்போதுள்ள சொற்களை எழுத்துப் பிசகாமல் தரவும், அவை ஆவணத்தில் ஒரு முறைதான் வந்திருக்க வேண்டும். ‘வேண்டியது’: அந்த இடத்தில் வரவேண்டியவை. வேறெங்கும் கை வைக்காது. பிழை திருத்தவும் சுருக்கவும் கோப்புகளைச் சேர்க்கவும் இதை எடுக்க வேண்டாம்.”

மனிதர் படிக்கும் கையேட்டில் அந்தக் கடைசி வரியை எழுதினால் அசட்டுத்தனம். இங்கே பாதி வேலை அதுதான். அதே ஒப்பந்தத்தை மறுபடி கொடுத்தேன்: 30 போய் 45 வந்தது, ‘நாட்கள்’ நாட்களாகவே கிடந்தன.

‘எழுத்துப் பிசகாமல்’ என்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. யுனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. கோப்பில் ஒரு விதமாகவும் ஏஜென்ட் தருவதில் இன்னொரு விதமாகவும் இருந்தால், கண்ணெதிரே இருக்கும் ‘கொள்முதல்’ என்ற சொல்லைக் கருவி இல்லை என்று சாதிக்கும். என் ஏஜென்ட் மூன்று முறை முட்டிப் பார்த்துவிட்டுப் பத்தி முழுவதையும் புதிதாக எழுதிவிட்டது. இதை விவரிப்பில் விளக்குவது வீண். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் கருவியே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் அந்த வித்தையும் பலிக்காது. அதற்குப் பிழைச்செய்திதான் கதி: “‘உள்ளது’ கிடைக்கவில்லை. ஆவணத்தை மறுபடி வாசித்து, அந்த இடத்தை அப்படியே எடுத்துத் தரவும்.”

அப்புறம் அடுத்த பிழைச்செய்தியை எழுதப் போனேன். கேட்டது பல இடங்களில் வந்திருந்தால் சொல்ல வேண்டியது. கை தானாக எழுதியது: “‘உள்ளது’ 4 இடங்களில் உள்ளது.” என் சொல்லே என்னை மாட்டிவிட்டது. இப்போதைக்கு “4 இடங்களில் வருகிறது” என்று சமாளித்திருக்கிறேன். பகுதிமாற்றுக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்; ‘உள்ளது’க்கு மாற்று தோன்றினால் அதை முதலில் எழுதுங்கள்.