தரவிறக்கிய பாடல்கள் ஒலிக்கவில்லை, திருவிழாவுக்குள் உதவி தேவை

தோட்டத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்):
வணக்கம். கைப்பேசியில் தரவிறக்கி வைத்திருந்த பக்திப் பாடல்கள் எல்லாம் திடீரென்று சாம்பல் நிறமாகிவிட்டன, தொட்டாலும் ஒலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா தொடங்குகிறது, பாடல் போடுவது என் பொறுப்பு. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஈப்போக்காரன்:
கட்டணச் செயலியா, இலவசமா? ஆண்ட்ராய்டா, ஐபோனா? கடைசியாக இணையத்தில் இணைத்தது எப்போது?

கம்பிவடம்:
இது அலைவரிசைக் கோளாறுதான். நம் மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டதிலிருந்து, 4ஜி எட்டாத தோட்டப்புறங்களில் கைப்பேசி 2ஜிக்கு இறங்கிவிடுகிறது. வேறு நிறுவனத்தின் சிம் போட்டுப் பாருங்கள்.

பழைய உறுப்பினர்:
தரவிறக்கிய பாடலுக்கு அலைவரிசை எதற்கு என்று முதலில் யோசியுங்கள், கம்பிவடம். கேள்வி கேட்ட தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன்: மாதக் கட்டணம் கட்டுகிறவர் பாடலை வாடகைக்குத்தான் எடுக்கிறார் என்பது விதிமுறைகளிலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டு இங்கே வந்து அவசரம் என்பது வழக்கமாகிவிட்டது.

தோட்டத்துப்பிள்ளை:
ஆண்ட்ராய்டு, மாதக் கட்டணம். லயத்து வீட்டில் லைன் கிடைக்காததால் டேட்டாவை அணைத்தே வைத்திருப்பேன். வேறொரு செயலியில் இறக்கிய பாட்காஸ்ட் சொற்பொழிவுகள் மட்டும் நன்றாக ஒலிக்கின்றன. பாட்டுக் கோப்புகளைப் பெண்டிரைவில் போட்டும் பார்த்தேன். பெயரெல்லாம் எண்ணும் எழுத்துமாக இருக்கிறது, கோயில் ஆம்ப்ளிஃபயர் ‘நோ ஃபைல்’ என்று காட்டுகிறது.

ஈப்போக்காரன்:
காரணம் நீங்கள் சொன்னதிலேயே இருக்கிறது. பாட்காஸ்ட் நடத்துபவர் தம் ஒலிக்கோப்பின் முகவரியை ஆர்எஸ்எஸ் ஓடையில் (புதிய பகுதிகளைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் இணையப் பட்டியலில்) எல்லோருக்கும் திறந்து வைப்பதால், உங்கள் செயலி அந்த எம்பி3 கோப்பை அப்படியே கொண்டுவந்து தருகிறது. பாட்டுச் செயலியோ தான் மட்டுமே திறக்கும்படி கோப்பைப் பூட்டித் தருகிறது; சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும், எந்தப் பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று கணக்கெடுக்கவும் அது அவ்வப்போது இணையத்துக்கு வரச் சொல்லும். ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் சேவை 30 நாளுக்கு ஒரு முறை என்று விதித்திருக்கிறது. மற்ற சேவைகளிலும் இதுபோன்ற விதி உண்டு. எனவே டவுனுக்குப் போய், டேட்டாவைப் போட்டு, செயலியைச் சற்று நேரம் திறந்து வையுங்கள். கட்டணம் கழிந்திருக்கிறதா, கைப்பேசியின் தேதி சரியா என்றும் பாருங்கள். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் ஏற்ற மட்டும் வேண்டாம், இறக்கியதெல்லாம் போய்விடும். பெண்டிரைவுக்கு இந்தக் கோப்புகள் எந்நாளும் உதவா.

கம்பிவடம்:
ஆக, இணையம் கிடைக்காததுதானே காரணம்? நான் சொன்னதும் அதுதான்.

பழைய உறுப்பினர்:
பாட்காஸ்ட் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதெல்லாம் பழங்கதை. 2019இல் ஸ்பாட்டிஃபை கிம்லெட், ஆங்க்கர் என்ற இரண்டு பாட்காஸ்ட் நிறுவனங்களையும் வாங்கியது. 2020இல் அமெரிக்கர் ஜோ ரோகனின் பாட்காஸ்ட் நிகழ்ச்சியைத் தன் மேடைக்கு மட்டும் என்று ஒப்பந்தம் செய்தது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024இல் மூடப்பட்டது.

ஈப்போக்காரன்:
ஐயா, கூகுள் மூடியபோது செயலிதான் போனது, நிகழ்ச்சிகள் போகவில்லை; பின்தொடரும் நிகழ்ச்சிகளின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற வகைக் கோப்பாக எடுத்து வேறு செயலியில் போட்டுக்கொள்ள முடிந்தது. ரோகன் நிகழ்ச்சியும் 2024இல் மற்றத் தளங்களுக்குத் திரும்பிவிட்டது. பாட்டுச் சேவை மூடினால் நீங்கள் எதை எடுத்துக்கொண்டு போவீர்கள்?

பழைய உறுப்பினர்:
விலைக்கு வாங்கிய பாட்டை எடுத்துக்கொண்டு போவேன். ஆப்பிள் தன் இணையக் கடையில் விற்கும் பாடல்களின் பூட்டை 2009இலேயே எடுத்துவிட்டது. வாடகைக்கு எடுத்துவிட்டு உரிமை பேசுவதைத்தான் குறை சொல்கிறேன்.

ஈப்போக்காரன்:
அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அவை எம்பி3 அல்ல, ஏஏசி என்ற வேறு வகை ஒலிக்கோப்புகள். கோயில் ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

தோட்டத்துப்பிள்ளை:
டவுனில் செயலியைத் திறந்ததும் பாடல்கள் வந்துவிட்டன, நன்றி. சில மட்டும் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன.

ஈப்போக்காரன்:
உரிமம் முடிந்து அவை சேவையிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் எத்தனை முறை டவுனுக்குப் போனாலும் வரமாட்டா. கோயிலில் பழைய சிடி இருந்தால் கணினியில் எம்பி3 ஆக்கிப் பெண்டிரைவில் போடுங்கள், ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொள்ளும்.