கழுத்து ஃபியூஷனுக்கு (எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் ஒப்பரேஷன்) பிறகு அடுத்த எலும்பு நகர்ந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

ஹட்டன் மகள்:
அம்மாவுக்கு சி5-சி6 ஃபியூஷன், அதாவது கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளை ஒட்டி பிளேட் வைத்தது. கைக்கு ஓடிய வலி நின்றது, மறுபடி தேயிலைக் கொழுந்து பறிக்கவும் போனார். சில வருஷம் கழித்து, அண்ணாந்தாலே பிடரியில் கத்தி இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றார். எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு வயசுத் தேய்மானம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கண்டியில் வேறொரு டொக்டர்தான் குனிய வைத்து ஒன்று, அண்ணாக்க வைத்து ஒன்று என எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டி, எலும்புகளின் பின்விளிம்பைப் பேனா முனையால் தொட்டுக்கொண்டே வந்தார். பிளேட் போட்ட இடம் அசையவில்லை. அதற்கு மேலே சி4, குனிந்த படத்தில் முன்னால் தள்ளி நின்றது. அண்ணாந்த படத்தில் பழைய இடத்திலேயே இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "அப்ப நான் பொய் சொல்லலதானே டொக்டர்?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அசையாமல் படுக்க வைத்து எடுக்கிற ஸ்கேனில் ஆட்டம் எப்படித் தெரியும்?

பண்டாரவளை:
சரி தங்கச்சி, ஆனால் எல்லா வலியும் எலும்பு நகர்வதால் வருவதில்லை. எனக்கும் பிளேட்டுக்கு மேலேதான் வலி. நீங்கள் சொன்ன அதே எக்ஸ்ரேயில் ஒரு அசைவும் இல்லை. ஃபெசட் மூட்டு, அதாவது கழுத்தெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கிற சின்ன மூட்டு, தேய்ந்திருந்தது. அந்த மூட்டின் நரம்பருகே மரப்பு ஊசி போட்ட அன்று, பஸ் வருகிறதா என்று தலையைத் திருப்பினேன், வலிக்கவில்லை! சில மணி நேரத்தில் வலி திரும்பிவிட்டது. ஆனாலும் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டது.

நுவரெலியா:
வலியை மட்டும் வைத்துப் பேசாதீர்கள் அண்ணே. என் மச்சானுக்கு வலியே பெரிதாக இல்லை, ஒரு நாள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்றார். ஃபியூஷனுக்குக் கீழே தண்டுவடம் நசுங்கியிருந்தது. கோப்பை கைநழுவினாலோ, படியில் கால் தடுமாறினாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க விடாதீர்கள். அம்மாவின் தலையில் கொழுந்துக் கூடைக் கயிறு ஏறவே கூடாது தங்கச்சி, பாரம் கழுத்துக்குத்தான் போகும். ஃபியூஷன் செய்யப் போகிறவர் சிகரெட், பீடி பிடித்தால் ஒப்பரேஷனுக்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு ஒட்டுவதை அது கெடுக்கும். முதல் ஒப்பரேஷன் படங்களையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள், பழசோடு வைத்துப் பார்த்தால்தான் எது புதிதாக நகர்ந்தது என்று டொக்டரால் சொல்ல முடியும்.